சண்டை போட ஒரு பாஷை

அன்புள்ள கார்த்திக்,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படி. ஃபோனில் எனக்கு இவ்வளவு நீளமாகப் பேச வராது. வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்தால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இளைத்துவிட்டாயே என்று ஆரம்பித்துவிடுவேன். இங்கே நம் தமிழ்க்காரர்கள் பொங்கலுக்குப் போடுகிற மலருக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் துபாயில் இந்த ஜெபல் அலிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டு, இரண்டு இடத்திலும் வேலை கிடைத்துவிட்டது என்றாய். ஒன்று ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், வீகோ என்கிற துறைமுக ஊர். இன்னொன்று லிதுவேனியாவில், பால்டிக் கடலோரம், க்ளைபேடா. இரண்டும் கடல் ஆராய்ச்சிதான், சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. "எதுன்னு நீயே சொல்லும்மா. எப்படியும் ரெண்டு பேரும் சேர்ந்துதானே போகப்போறோம்" என்றாய். புடவைக் கடையில் இரண்டு புடவையை விரித்துப் போட்டு எது வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கிளினிக்கில் என் கான்ட்ராக்ட் இந்தத் தடவை ரினியூ ஆகாது. அது முடிந்தால் விசா முடிந்தது, விசா முடிந்தால் இந்த ஊர் முடிந்தது. அம்மா எங்கே போவாள் என்று கவலைப்பட்டுத்தான் கேட்டாய். எனக்கு அது புரியாமல் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஊரில் முருங்கைக்காய் கிடைக்குமா, குளிர் எவ்வளவு என்று பார்க்கிறேன் என நீ நினைத்திருப்பாய். நான் பார்த்தது அதையெல்லாம் இல்லை. அந்த இரண்டு ஊர்ப் பாஷைகளைப் பார்த்தேன். ஏனென்றால் இந்தத் துபாயில் பாஷை இல்லாமலே என் நல்ல வயது முழுவதும் போய்விட்டது. யல்லா, கலாஸ், மாஃபி முஷ்கில், இந்த மூன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தி, உன்னைப் படிக்க வைத்து, உன் அப்பாவை இங்கேயே பறிகொடுத்தும் ஆயிற்று. யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி முஷ்கில் என்றால் பிரச்சினை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிரச்சினைகளை முழுங்கியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை என்று பேஷன்ட் கவுன்டரில் கத்துவார். தப்பு அவர் மேல் இருக்கும். நான் "சாரி சார், நோ பிராப்ளம் சார்" என்பேன். இங்கே யாரும் யாரோடும் வாய்ச்சண்டை வைத்துக்கொள்வதில்லை. விசாவை நினைத்துக்கொண்டு எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். வாயாடி என்று திருச்சியில் பெயர் வாங்கியவள் நான். இங்கே ஸ்டாஃப் மீட்டிங்கில் என்னை அமைதியான பெண்மணி என்று பாராட்டினார்கள்.

அதிர்ஷ்டம் பார், இரண்டு பாஷைக்கும் ஆள் எங்கள் கிளினிக்கிலேயே இருந்தார்கள். முதல் ஆள் சூசோ. துறைமுகத்தில் கப்பல் இன்ஜினியர், அறுபதை நெருங்குகிறவர், முதுகு வலிக்காக வாரா வாரம் வருவார். ஐடி கார்டில் ஸ்பெயின் என்று இருந்ததால் நான் யூடியூபில் பார்த்து ஸ்பானிஷில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஒரு நாள் வெயிட்டிங் ஹாலில் ஃபோனில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு நான் எழுந்தே போய்விட்டேன். முகம் சிவந்து, ஒரு கை காற்றில் வெட்ட, குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பேச்சிலே "ஷ" சத்தம் நிறைய இருந்தது, கோபத்திலும் மிருதுவாகத்தான் கேட்டது. ஃபோனை வைத்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். ஸ்பானிஷில் யாரோடு இப்படிச் சண்டை என்று கேட்டேன். அது ஸ்பானிஷ் இல்லை, கலீசியன், சண்டை என் அம்மாவோடு என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்ஸியில் ஏறினாலும் மளிகைக்குப் போனாலும் என் முகத்தைப் பார்த்ததும் ஹிந்தியில் ஆரம்பிக்கிறவர்களிடம் நான் எப்படி முறைப்பேன் என்று உனக்குத் தெரியும். அதையேதான் நான் இவருக்குச் செய்திருக்கிறேன். இங்கே நாம் மனிதர்களைப் பாஸ்போர்ட்டை வைத்துத்தானே தெரிந்துகொள்கிறோம். அன்றிலிருந்து அவரிடம் கலீசியனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். போர்ச்சுகீசுக்கு ஒட்டின சொந்தமாம். கப்பலில் போர்ச்சுகல்காரர் ஒருவர் இருந்தால் போதும், இவருக்கு நாள் முழுவதும் ஓடிவிடுமாம். மழைக்கு மட்டும் ஒரு கூடை வார்த்தை வைத்திருக்கிறார்கள், தூறலுக்கு ஒன்று, பிசுபிசுப்புக்கு ஒன்று, கடலோடு சேர்ந்து சாய்வாக அடிப்பதற்கு ஒன்று. காபி வேணுமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லமாட்டார்களாம், வேணும் என்றுதான் சொல்வார்களாம். நான் மேஜையைத் தட்டினேன். நாமும் அப்படித்தானே!

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது உற்சாகம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவர் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கலீசியன் பேசினால் அடி விழுமாம். சர்வாதிகாரி ஆண்ட காலம். மீன் பிடிக்கிறவனும் மாடு மேய்க்கிறவனும் பேசுகிற பாஷை என்று அதற்குப் பெயர். இன்றைக்குச் சட்டப்படி அதற்கு எல்லா மரியாதையும் உண்டு, பள்ளியிலும் சொல்லித் தருகிறார்கள். இருந்தாலும் டவுனில் பாதிப் பேர் ஸ்பானிஷுக்குப் போய்விட்டார்கள், வெளியாள் வந்தால் மரியாதைக்கு உடனே ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள் என்றார். அப்படியானால் வீகோவில் எனக்கு வாசல் வரைக்கும் ஒரு பாஷை, அடுப்படிக்கு இன்னொரு பாஷை வேண்டும். இந்த வயதில் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

அம்மாவோடு அவர் சண்டை எதைப் பற்றி என்று கேட்பாய். கிழவி ஊரில் தனியாக இருக்கிறாள். வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தல். எண்பது தாண்டிய வயதில் ஏணி வைத்து ஏறி, கிளை கழிக்கிறாள், குலை வெட்டுகிறாள். ஏறாதே என்று இவர் துபாயிலிருந்து கத்துவார். நீ வந்து ஏறுகிறாயா என்று அவள் அங்கிருந்து கத்துவாள். வாரா வாரம் இதே சண்டை, ஒருவருக்கும் அலுக்கவில்லை. அவர் ஃபோனில் இருக்கும்போது நான் கம்ப்யூட்டரைத் தட்டுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை புரியாது. பொறாமையாக இருக்கும்.

இரண்டாவது ஆள் யுர்கிதா. எங்கள் பிசியோதெரபிஸ்ட், லிதுவேனியாக்காரி, கண்டிப்பானவள். பேஷன்டைக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுத் தன் பாஷையில் எண்ணுவாள், வியெனஸ், டு, த்ரீஸ் என்று. பெஷாவர் லாரி டிரைவரிலிருந்து மணிலா சமையல்காரர் வரைக்கும் எங்கள் பேஷன்டுகள் எல்லோருக்கும் இப்போது லிதுவேனியனில் எண்ணத் தெரியும். அவள் பாஷையைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், பெருமையோடு உட்கார்ந்துவிட்டாள். நெருப்புக்கு உக்னிஸ், புகைக்கு தூமாய், மகனுக்கு சூனுஸ், உங்கள் சமஸ்கிருதம் மாதிரியே இருக்கிறது பாருங்கள் என்றாள். என் பாஷை அந்தக் குடும்பமே இல்லை, அது வேறு வம்சம் என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது.

கலீசியனுக்கு நேர்மாறு இது. ரஷ்யச் சக்கரவர்த்திகள் ஆண்டபோது லிதுவேனியர்களின் எழுத்தில் அச்சடிக்கவே தடை. பக்கத்து நாட்டில் அச்சடித்த புத்தகங்களை மூட்டைக்குள் ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள், பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்குப் போயிருக்கிறார்கள். சூசோவின் ஊரில் அடி வாங்கிய பாஷையை நிறையப் பேர் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இவர்கள் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பாங்கிலும் மீன் கடையிலும் சர்ச்சிலும் அதுதான். வாசலுக்கும் அடுப்படிக்கும் ஒரே பாஷை, ஆனால் அந்தக் கதவு கனமானது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் வால் மாறிக்கொண்டே இருக்கும். உன் பெயரையும் விடமாட்டார்கள், நீ கார்த்திகாஸ் ஆகிவிடுவாய், கூப்பிடும்போது கார்த்திகாய் என்பார்களாம். நான் சிரித்த சிரிப்பில் யுர்கிதாவுக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்கு இது வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ரொட்டி வாங்க ஒரு வருஷம், மனசில் இருப்பதைச் சொல்ல அதற்கு மேல் எவ்வளவோ என்றாள்.

அவள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. மகள் இங்கே இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறாள், உன்னை மாதிரியே எதற்கெடுத்தாலும் இங்கிலீஷ். எதை வேண்டுமானாலும் இங்கிலீஷில் கேட்டுக்கொள், ஆனால் என்னோடு சண்டை போடுவதென்றால் லிதுவேனியனில் போடு என்று யுர்கிதா சொல்லிவிட்டாளாம். இங்கிலீஷில் கத்தினால் காதில் விழாத மாதிரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். புது ஃபோன் கேட்டு அம்மாவோடு மல்லுக்கு நின்ற வேகத்திலேயே அந்தப் பெண் இலக்கணம் முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டது. இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை. தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஒரு நாள் சூசோவின் முறை முடிந்ததும் மூன்று பேரும் பேன்ட்ரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உங்கள் பாஷையில் திட்டிக் காட்டுங்கள், எது காரம் என்று பார்க்கிறேன் என்றேன். யுர்கிதா யோசித்துவிட்டு, தேரை என்றாள். அவ்வளவுதானா என்றேன். புல் பாம்பு என்றும் சொல்வோம் என்றாள். அதைவிடக் கெட்டதெல்லாம் ரஷ்யனிலிருந்து கடன் வாங்கியது, சொந்தச் சரக்கு இவ்வளவுதான் என்றாள். சூசோ சிரித்ததில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு அவள் ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் சொல்வதென்று ஒன்றைச் சொன்னாள், இடி உன்னை அடிக்க என்று. சூசோ கோப்பையைக் கீழே வைத்தார். கெட்ட மின்னல் உன்னைப் பிளக்க என்பது அவர் அம்மா தினமும் சொல்வதாம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "உன் தலையில இடி விழ!" என்றேன். நர்ஸ் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

எல்லோரும் சிரித்து அடங்கின பிறகு நான் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அந்த வார்த்தையை நான் கடைசியாகச் சொன்னது உன் அப்பாவிடம். ஏசி ரிமோட்டுக்காக. அவருக்குப் பத்தொன்பது டிகிரியில் இருக்க வேண்டும், எனக்கு இருபத்தைந்து. ரிமோட்டை ஒளித்து வைப்பார், நான் மெயின் ஸ்விட்சை அணைப்பேன். இப்போது இருபத்தைந்தில்தான் ஓடுகிறது, கேட்க ஆளில்லை. அவர் போன புதிதில் எல்லோரும் வந்து, பேச்சுத் துணைக்கு ஆளில்லையே என்று வருத்தப்பட்டார்கள். பேசத்தான் ஆள் கிடைக்கும் கார்த்திக், லிஃப்டில்கூடக் கிடைக்கும். எனக்குச் சண்டை போட ஆளில்லை. என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற ஒரு ஜீவன் இந்த ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து விளக்கேற்றி உட்கார்ந்தால், வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டு வாரம் சூசோ வரவில்லை. திரும்பி வந்தவர் ஃபோனை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில் இல்லையா என்று கேட்டுத் தொலைத்தேன். போய்விட்டாள் என்றார். ஏணியிலிருந்து விழவில்லையாம், தூக்கத்திலேயே போய்விட்டாளாம். அடக்கம் முடித்துவிட்டு வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார், ஊரோடு போகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளவா என்றேன். இல்லை என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரனோட ஒரு மதில் தகராறு இருக்கு மேடம். அம்மாதான் அவனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தா. அந்த பாஷையில என்னோட சண்டை போட இனி அவன் ஒருத்தன்தான் பாக்கி."

பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். மாட்ரிடில் நன்றாக இருக்கிறார்கள், தங்கமான பிள்ளைகள், ஸ்பானிஷில் பேசிக்கொள்கிறோம், ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

நீயும் தங்கமான பிள்ளை கார்த்திக். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். சின்ன வயதில் நீ இப்படி இல்லை. தரையில் புரண்டு, கதவை உதைத்து, தமிழில் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போடுவாய். பத்தாவது படிக்கும்போது டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று ஒரு பெரிய சண்டை நடந்ததே, நினைவிருக்கிறதா? நீ இங்கிலீஷுக்கு மாறினாய். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் இங்கிலீஷுக்கு மாறினார். இங்கே எல்லா வீட்டிலும் பெற்றவர்கள் அப்படித்தான் செய்கிறோம், பிள்ளையை ஜெயிப்பதற்காகப் பிள்ளையின் பாஷையில் இறங்கிவிடுகிறோம். அப்பா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றார். நான் எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. நீ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டாய். அன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். நீ எங்கள் மேல் இரக்கப்பட்டு நிறுத்திக்கொண்டாய் என்பது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு இந்த நாள் வரைக்கும் நீ என்னோடு சண்டை போட்டதில்லை. எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறாய். இதோ, எந்த நாட்டுக்குப் போவது என்பதைக்கூட என்னிடமே விட்டுவிட்டாய்.

அதனால் என் பதிலைச் சொல்கிறேன். நீ க்ளைபேடாவுக்குப் போ. வீகோவைப் பற்றிப் பேசும்போது நீ என்னைப் பற்றித்தான் பேசினாய். அம்மாவுக்குக் குளிர் அதிகம் இருக்காது, ஆஸ்பத்திரி பக்கத்தில், நடக்கக் கடற்கரை இருக்கிறது என்று. க்ளைபேடாவைப் பற்றிப் பேசும்போது கடலைப் பற்றிப் பேசினாய், மூச்சு விடாமல், பாதி எனக்குப் புரியாமல். நீ பிறந்ததிலிருந்து எல்லா ஊரிலும் விருந்தாளியாக இருந்துவிட்டாய். துபாயிலும் இங்கிலீஷ், ஜெர்மனியிலும் லாபில் இங்கிலீஷ். க்ளைபேடாவில் உன்னை ரொம்ப நாள் அப்படி விட்டுவைக்கமாட்டார்கள். இரண்டு குளிர்காலம் போனால் மீன்காரியோடு அவள் பாஷையிலேயே மல்லுக்கு நிற்பாய். உனக்கும் ஒரு ஊர் வேண்டும்.

நான் வரவில்லை. நான் திருச்சிக்குப் போகிறேன். ஊர் ஏக்கம் என்று நினைத்துவிடாதே, அங்கே நமக்கிருக்கிற ஃப்ளாட் மெயின் ரோட்டில் இருக்கிறது, பஸ் ஹாரனில் தூங்க முடியாது. அசோசியேஷன் செக்ரெட்டரி இப்போதே தண்ணீர் மோட்டாரைப் பற்றி எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார், அவரை எனக்கு இப்போதே பிடிக்கவில்லை. அங்கேயும் தனியாகத்தான் இருப்பேன், மறைக்கவில்லை. சாயங்காலம் ஆனால் பயமாக இருக்கும். உன்னோடு இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று இந்தக் காகிதத்தில் எழுதினால் நீ உடனே எனக்கும் டிக்கெட் போட்டுவிடுவாய். ஆனால் அங்கே வந்தால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் நண்பர்கள் வந்தால் ஒரே வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். நீ சாப்பிட்டாயா என்பாய், சாப்பிட்டேன் என்பேன். ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்காமல் மரியாதையாக இருந்தே காலத்தை ஓட்டிவிடுவோம். ஒரே வீட்டுக்குள் அப்படி இருக்க என்னால் முடியாது.

இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும், வர வேண்டும். இரண்டு ஊரிலும் எனக்கென்று ஒரு ரூம் சேர்த்து வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாய், உன்னைக் கேட்காமல் நான் பாட்டுக்கு முடிவெடுத்துவிட்டேன். படித்து முடித்ததும் ஃபோன் பண்ணு. கத்து. நீ எப்படித் தனியாக இருப்பாய், உனக்குப் பைத்தியமா என்று கேள். தமிழ் தீர்ந்துபோனால் இங்கிலீஷைப் போடு, நான் சமாளித்துக்கொள்கிறேன். தோற்றாலும் தோற்றுவிட்டுப் போகிறேன். "சரிம்மா, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா